தராசில்லாமல் மாட்டின் நிறையை அறிவது எப்படி?

புதிதாக மாடு வாங்கிக் கொட்டிலில் கட்டியவர்களிடம் கால்நடை வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, "மாடு எத்தனை கிலோ இருக்கும்?" என்பது. பலர் அந்த இடத்தில் விழிக்கிறார்கள். "ஒரு இருநூறு இருக்கும் டொக்டர்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்குள் ஒன்றிரண்டு மாடும் நாலைந்து ஆடும் வளர்ப்பவர்களிடம் மாடு நிறுக்கும் தராசு இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தையற்காரர் பாவிக்கும் அளவு நாடா, ஒரு துண்டுக் கயிறு, ஒரு சின்னக் கொக்கத்தடி, கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேற்றர், உதவிக்கு ஒரு ஆள். இவ்வளவும் இருந்தால் பத்து நிமிடத்தில் நிறையைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். வெளிநாடுகளில் குதிரை வைத்திருப்பவர்களும் தராசு கிடைக்காத இடத்தில் இதே முறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். வகுக்கும் எண் மட்டும் வேறு. குதிரைக் கணக்கையும் நெடுந்தீவுக் குதிரைகளையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கண்மதிப்பு போதாதா என்று கேட்பீர்கள். ஆடு மாடு வியாபாரத்தில் பழுத்தவர்களுக்கு அது போதும். அவர்கள் முதுகைத் தடவி, இடுப்பெலும்பை அமத்திப் பார்த்து, ஆடென்றால் இரண்டு கையாலும் ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்குப் பெரிதாகப் பிழைப்பதில்லை. அது ஆயிரம் மிருகங்களைத் தொட்டுப் பார்த்த கை. புதியவரின் கண் உயரத்தைப் பார்த்து ஏமாறும். நெடுத்து நிற்கும் ஜம்னாபாரிக் கலப்பு ஆடு பாரமாகத் தெரியும், பக்கத்தில் நிற்கும் குட்டையான நாட்டாடு அதைவிடப் பாரமாக இருந்தாலும்.

இதில் பிழை விட்டால் என்ன வரும் என்பதை மருந்தை வைத்தே பார்க்கலாம். பூச்சி மருந்துகள் எல்லாம் ஒரு கிலோ உடல் நிறைக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் கணக்கிடப்படுகின்றன. தோலுக்கடியில் ஏற்றும் 1 வீத ஐவமெக்ரின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 50 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர் என்பது மாட்டுக்குரிய அளவு. உங்கள் நாகு, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசு, உண்மையில் 260 கிலோ என்றால் 5.2 மில்லிலீற்றர் வேண்டும். 200 என்று சொல்லிவிட்டீர்கள் என்றால் 4 மில்லிலீற்றர்தான் போகும், கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. வெளிப்பார்வைக்கு ஒன்றும் நடக்காது. மாடு அடுத்த நாளும் வைக்கோல் தின்னும். ஆனால் குடலுக்குள் பலவீனமான பூச்சிகள் செத்து, மருந்துக்குத் தாக்குப்பிடித்தவை தப்பிவிடும். அவை இடும் முட்டைகள் சாணத்தோடு உங்கள் வளவிலேயே விழும். அடுத்த தலைமுறைப் பூச்சி முழுவதும் அந்தத் தப்பிய சாதியாக இருக்கும். இப்படியே போனால் அந்த வளவில் அந்த மருந்து வேலை செய்யாத நிலை வந்துவிடும். பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் ஆடும் அதே புல்லைத்தான் மேயும். அதனால்தான் இதை ஒரு வீட்டு விஷயமாக மட்டும் எண்ணக்கூடாது என்று சொல்கிறேன்.

கூடினாலும் ஆபத்துண்டு. லெவமிசோல் போன்ற மருந்தில் சரியான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. அளவு மிஞ்சினால் ஆடு வாயால் நீர் வடித்து நடுங்கத் தொடங்கும். எந்த மருந்து, எத்தனை தரம், சினைமாட்டுக்குக் கொடுக்கலாமா, பாலைப் பாவிக்காமல் எத்தனை நாள் கீழே ஊற்றிவிடவேண்டும் என்பதெல்லாம் வைத்தியர் சொல்லவேண்டியவை. ஐவமெக்ரின் பால் கறக்கும் மாட்டுக்கு உரியதல்ல. நான் நாகை உதாரணமாக எடுத்ததும் அதனால்தான். நீங்கள் வைத்தியருக்குக் கொடுக்கவேண்டியது சரியான நிறையை.

நாடாவும் கயிறும்

தையல் நாடாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது 150 சென்ரிமீற்றரில், அதாவது 60 அங்குலத்தில், முடிந்துவிடும். ஜேர்சிக் கலப்புப் பசுக்கள் பலவற்றின் நெஞ்சுச் சுற்றளவு அதைத் தாண்டும். பாதி வழியில் நாடா முடிந்து நிற்கும்போது மாடு பொறுத்துக்கொண்டு நிற்காது. ஆகவே வளர்ந்த மாட்டுக்கு முதலில் கயிற்றால் அளந்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தை விரலால் இறுக்கிப் பிடித்து, அதில் ஒரு முடிச்சோ பேனைக் கீறோ போட்டு, பிறகு நிலத்தில் நீட்டி நாடாவால் அளப்பதே வசதி. கயிறு இழுபடக்கூடாது. சணல் கயிறு நல்லது. நைலோன் கயிறு இழுத்தால் நீளும். விட்டால் சுருங்கும். துணி நாடாவும் பழசானால் நீண்டுபோகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை நாடாவின் பக்கத்தில் நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள், பிழை இருந்தால் தெரிந்துவிடும்.

மேசன்மார் பாவிக்கும் இரும்பு ரேப்பைக் கொட்டிலுக்குள் கொண்டு போகவேண்டாம். இழுக்கும்போது சடசடக்கும், சுருளும்போது ஓடிப்போய் அடிக்கும், விளிம்பு தோலைக் கீறும். ஒருமுறை வெருண்ட மாடு அடுத்த முறை நாடாவைக் கண்டாலே பின்வாங்கும்.

கடைகளில் நிறையையே அச்சடித்த மாட்டு நாடாக்களும் கிடைக்கின்றன. சுற்றளவை எடுத்ததும் கிலோவை நேரே வாசிக்கலாம். அவற்றில் பல, பெரிய மேலைநாட்டுப் பால் இனங்களை அளந்து தயாரித்தவை. திமில் உள்ள நமது நாட்டு மாட்டுக்கும் கலப்புக்கும் அது சரியாகப் பொருந்துமென்று நான் நம்புவதில்லை. நீளத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறையே நமக்கு ஏற்றது.

மாட்டை நிறுத்துவது

அளவு பிழைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான், கணக்கில் அல்ல. காலையில், தண்ணி காட்டுவதற்கும் தீன் வைப்பதற்கும் முதல் அளவுங்கள். கொட்டிலின் தரை சிறுநீர் ஓடுவதற்காகச் சாய்வாக இருக்கும். அங்கே நின்றால் உடம்பின் பாரம் ஒரு பக்கம் சாயும். முற்றத்தில் சமமான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தலைப்பக்கத்தில் மாட்டுக்குப் பழகிய ஒருவர் நிற்கவேண்டும். பால் கறப்பவர் நின்றால் மிக நல்லது. அவர் மூக்கணாங்கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, தலை சாதாரண உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். தலையைக் குனிந்து புல்லைத் தேடினாலும், மேலே தூக்கினாலும் தோள் அசைந்து சுற்றளவு மாறிவிடும். நான்கு காலும் நான்கு மூலையில் நேராக ஊன்றி நிற்கவேண்டும். ஒரு முன்னங்கால் முன்னே போயிருந்தால் இரண்டடி நடக்கவிட்டு மறுபடி நிறுத்துங்கள்.

நீங்கள் நிற்கவேண்டியது இடப்பக்கத்தில், தோளுக்குப் பக்கத்தில், உடம்போடு ஒட்டி. முதலில் கையைத் தோளில் வைத்து இரண்டு தரம் தடவுங்கள். மாடு பின்னங்காலைப் பக்கவாட்டாகவும் முன்னோக்கியும் வீசி உதைக்கும். ஆகையால் வயிற்றுக்கு நேரே குந்தியிருந்து கீழே கைவிடுவது கூடவே கூடாது.

நெஞ்சுச் சுற்றளவு

கயிற்றின் ஒரு முனையை முதுகின் மேலால் வலப்பக்கம் தொங்கவிடுங்கள். பிறகு வேலியில் குழை ஒடிக்கப் பாவிக்கும் கொக்கத்தடியில் சின்னதாக ஒன்றை எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்குக் கீழாக நீட்டி, தொங்கும் முனையைக் கொழுவி உங்கள் பக்கம் இழுத்தெடுங்கள். இப்படிச் செய்தால் நீங்கள் குனியவும் வேண்டாம், மாட்டுக்குக் கீழே கை போகவும் வேண்டாம்.

கயிறு இருக்கவேண்டிய இடம்: கீழே முன்னங்காலின் முழங்கை மூட்டுக்கு நேர் பின்னால், மேலே திமிலுக்கு நேர் பின்னால். திமிலின் மேல் கயிறு ஏறினால் சுற்றளவு வீணாகக் கூடும். முழங்கையிலிருந்து பின்னோக்கி நழுவினால் வயிற்றை அளந்தவர்களாவீர்கள். வயிறு தின்ற தீனையும் குடித்த தண்ணியையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். நெஞ்சுக்கூடு அப்படி மாறாது. அந்த இடத்தை அளப்பதற்குக் காரணமே அதுதான். கயிறு முதுகிலிருந்து நிலத்துக்கு நேர் செங்குத்தாக இறங்குகிறதா என்று உங்கள் உதவியாளரை நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அருகில் நிற்கும் உங்களுக்குச் சரிவு தெரியாது.

இறுக்கம் எவ்வளவு? மயிர் படியவேண்டும், தோல் பள்ளம் விழக்கூடாது. ஒரு விரல் சிரமப்பட்டு நுழையும் அளவு. மாடு மூச்சை வெளியே விட்டு முடியும் கணத்தில் பிடியுங்கள். மூன்று தரம் அளந்து நடுவில் வரும் எண்ணை எடுங்கள். மூன்றும் 2 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால் மாடு சரியாக நிற்கவில்லை என்று அர்த்தம். அவசரப்படாமல் மறுபடி நிறுத்தி அளவுங்கள்.

உடல் நீளம்

முன்பக்கத்தில் தோளின் முனை. கழுத்தும் நெஞ்சும் சேருமிடத்தில், தோளின் முன்புறம் கையால் தடவினால் முட்டிக்கொண்டு நிற்கும் எலும்பு அது. பின்பக்கத்தில் வாலடியின் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும் பிட்டெலும்பின் முனை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுத் தூரமே நீளம். நாடாவை வயிற்றின் வளைவோடு ஒட்டவைத்தால் சில சென்ரிமீற்றர் கூடிவிடும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நாடாவைக் காற்றில் நேராக இழுத்துப் பிடிக்கவேண்டும்.

மாடு அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், அதை மதிலோரமாக நேராக நிறுத்தி, தோள்முனைக்கு நேரே மதிலில் கரியால் ஒரு கீறு, பிட்டெலும்புக்கு நேரே ஒரு கீறு போட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துவிடுங்கள். பிறகு ஆறுதலாக மதிலை அளக்கலாம். புதிய மாட்டுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்லுவேன்.

கணக்கு

சுற்றளவைச் சுற்றளவால் பெருக்குங்கள். வந்ததை நீளத்தால் பெருக்குங்கள். அதை 10,840 ஆல் வகுத்தால் கிலோவில் நிறை. எல்லா அளவும் சென்ரிமீற்றரில் இருக்கவேண்டும்.

சுற்றளவு 150, நீளம் 125 என்று வைத்துக்கொள்வோம். 150 × 150 = 22,500. அதை 125 ஆல் பெருக்க 28,12,500. 10,840 ஆல் வகுக்க 259.5. ஆகவே ஏறத்தாழ 260 கிலோ. அங்குலத்திலும் இறாத்தலிலும் பழகிய பெரியவர்களுக்கு இன்னும் சுலபம், 300 ஆல் வகுத்தால் போதும். அதே மாடு அங்குலத்தில் 59, 49. 59 × 59 × 49 ÷ 300 = 569 இறாத்தல். 2.2 ஆல் வகுக்க 258 கிலோ. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. சென்ரிமீற்றரையும் அங்குலத்தையும் ஒன்றில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10,840 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்த முறையில் நம்பிக்கை வரும். மாட்டின் உடலைப் படுக்கவைத்த தண்ணீர்ப் பீப்பாயாக நினையுங்கள். ஒரு பீப்பாயின் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 12,566 ஆல் வகுத்தால் அது எத்தனை லீற்றர் கொள்ளும் என்பது வரும். பள்ளிக்கூடத்தில் படித்த உருளையின் கனவளவுதான். உடம்பின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்குக் கிட்ட இருப்பதால் லீற்றர் அப்படியே கிலோவாகிறது. தலை, கழுத்து, கால்கள் அந்தப் பீப்பாய்க்குள் அடங்கவில்லை. அவற்றின் பாரத்தையும் சேர்த்துக்கொள்வதற்காக வகுக்கும் எண் 12,566 இலிருந்து இறங்கி 10,840 ஆகிறது. மந்திரம் எதுவும் இல்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயமும் தெரியவரும். சுற்றளவு கணக்கில் இரண்டு தரம் வருகிறது, நீளம் ஒரு தரம். மேலே சொன்ன மாட்டில் நீளத்தை 5 சென்ரிமீற்றர் கூட்டி அளந்தால் 10 கிலோ பிழைக்கும். சுற்றளவை அதே 5 சென்ரிமீற்றர் கூட்டினால் 17 கிலோவுக்கு மேல் பிழைக்கும். நேரம் குறைவென்றால் சுற்றளவில் கவனம் செலவழியுங்கள்.

எவ்வளவு கவனமாக அளந்தாலும் நூற்றுக்குப் 10 வரை முன்பின் இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாடா 260 என்றால் வைத்தியரிடம் "260, நாடாவால் அளந்தது" என்று சொல்லுங்கள். எப்படி அளந்தீர்கள் என்று தெரிந்தால் அவர் அதற்கேற்ப அளவைத் தீர்மானிப்பார்.

ஆடும் கன்றும்

ஆட்டுக்கும் இதே கணக்கு, இதே 10,840. சுற்றளவு 70, நீளம் 62 என்றால் 28 கிலோ. தையல் நாடா இங்கே தாராளமாகப் போதும். ஆட்டை ஒருவர் முழங்காலிடையில் அணைத்துப் பிடித்தால் அது மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்கும். கழுத்துக் கயிற்றில் பிடித்து, முன்னால் ஒரு பூவரசங்குழையைக் காட்டி, வாய் வைக்கும் உயரத்தில் தூக்கிப் பிடிப்பது நல்லது. நெடுங்கால் ஜம்னாபாரிக் கலப்பில் கால்களின் பாரம் நாடாவுக்குத் தெரியாது. உண்மை நிறை சற்றுக் கூடவாக இருக்கலாம்.

ஆடு தூக்கக்கூடிய மிருகம் என்பதால் நாடாவைச் சரிபார்க்கவும் அதுவே வழி. வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால், முதலில் நீங்கள் தனியே ஏறி நில்லுங்கள், பிறகு ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் ஆட்டின் நிறை. குட்டியென்றால் உரப்பையில் தலை வெளியே இருக்க வைத்துத் தூக்குத் தராசில் கொழுவலாம். பெரிய கிடாயை நெல் மில்லில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசுக்குக் கொண்டுபோகலாம், அவர்கள் சம்மதித்தால். அன்றே நாடாவாலும் அளந்து பாருங்கள். உங்கள் ஆடுகளுக்கு நாடா எப்போதும் 2 கிலோ குறைத்துச் சொல்கிறதென்று கண்டால், இனிமேல் 2 ஐக் கூட்டிக்கொள்ளலாம். எந்தப் புத்தகச் சூத்திரத்தையும்விட உங்கள் பட்டியில் நீங்கள் கண்ட அந்தத் திருத்தம் பெறுமதியானது.

ஆட்டுக்கு வாயால் மருந்து பருக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறை பார்த்து அளவெடுத்த மருந்து நுரையீரலுக்குள் போனால் பயனில்லை, ஆடும் தப்பாது. ஆட்டின் முகவாயை அதன் கண் மட்டத்துக்கு மேலே தூக்கவேண்டாம். சிறிஞ்சை வாயின் கடைக்கோடியில் வைத்து, நாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

கன்றுக்கு நிறை தெரிந்தால் பாலின் அளவு தெரியும். உடல் நிறையில் நூற்றுக்குப் 10 பங்கு பால் ஒரு நாளைக்கு, இரண்டு வேளையாகப் பிரித்து. சுற்றளவு 75, நீளம் 65 உள்ள கன்று 34 கிலோ வரும். ஆகவே 3.4 லீற்றர். வீட்டுத் தேவைக்கும் விற்பனைக்கும் பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியில் மிச்சமிருப்பதைக் கன்று ஊட்டட்டும் என்று விடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

தீனும் விலையும்

மாடு ஒரு நாளைக்குத் தன் நிறையில் நூற்றுக்கு 2.5 முதல் 3 வரை தின்னும், ஈரத்தைக் கழித்த உலர் நிறையில். 260 கிலோ பசுவுக்கு 2.5 என்று பார்த்தாலே 6.5 கிலோ. 3 கிலோ வைக்கோலில் உலர் நிறை 2.7 கிலோ. தவிடும் பிண்ணாக்குமாக 2 கிலோ வைத்தால் 1.8. இன்னும் 2 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் நிறை, மீதி தண்ணீர். எனவே 10 கிலோ புல் வெட்டவேண்டும். ஆனி ஆடியில் புல் காய்ந்து, பனையோலை கிழித்துப் போடும் காலத்தில் இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை விழுகிறது என்று உடனே தெரியும். ஆடு தன் உடம்புக்கு இதைவிடக் கூடத் தின்னும். 28 கிலோ ஆட்டுக்கு உலர் நிறையில் 1 கிலோ, பச்சைக் குழையாக 4 கிலோ வரை.

விலை பேசுவதற்கும் உதவும். தீபாவளிக்கு முதல் கிடாய் விற்பவரிடம் வாங்குபவர் இறைச்சியைக் கணக்கிட்டுத்தான் விலை கேட்பார். பங்கு போட ஆள் சேர்ப்பவருக்கும் அந்தக் கணக்கு வேண்டும். உயிர் நிறையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறைச்சி தேறும். 28 கிலோக் கிடாயில் 12 முதல் 13 கிலோ என்று வைத்துப் பேசினால் இரு பக்கமும் ஏமாறாது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை சுற்றளவை மட்டும் எடுத்துக் கொட்டிலில் தொங்கும் கலண்டரில் எழுதி வையுங்கள். அதே ஆள், அதே கயிறு, அதே நேரம். நிறை 10 கிலோ பிழையாக இருந்தாலும், பிழை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இருப்பதால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது சரியாகத் தெரியும். மாரி மழைக்குப் பிறகு ஆட்டின் சுற்றளவு இறங்கத் தொடங்கினால் கீழ்க் கண்ணிமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருக்கவேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தால் இரத்தம் குடிக்கும் வயிற்றுப் பூச்சி இருக்கக்கூடும், தாமதிக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். சினைமாட்டின் கடைசி மாதங்களில் மட்டும் இந்த எண்ணை நம்பவேண்டாம். கன்றின் பாரம் வயிற்றில் இருக்கிறது, கயிறு நெஞ்சில் இருக்கிறது.

குதிரைக்கு

அளக்கும் முறை ஒன்றுதான். சுற்றளவு முழங்கைக்குப் பின்னால், மேலே கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குப் பின்புறமாக. நீளம் தோள்முனையிலிருந்து பிட்டெலும்பு முனைவரை. வகுக்கும் எண் 11,880. சுற்றளவு 130, நீளம் 120 உள்ள சிறிய குதிரை 171 கிலோ வரும். அதே அளவுள்ள மாடு 187 கிலோ. ஆகவே மாட்டின் எண்ணைக் குதிரைக்குப் பாவித்தால் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். அங்குலமும் இறாத்தலுமென்றால் வளர்ந்த குதிரைக்கு 330, ஒரு வயதுக் குட்டிக்கு 301, பால் மறந்த குட்டிக்கு 280. குதிரை நேர் பின்னால் உதைக்கும். இடத் தோளருகே நில்லுங்கள், பின்பக்கம் போகவேண்டுமென்றால் கையை அதன் உடம்பில் வைத்தபடியே பேசிக்கொண்டு போங்கள்.

நெடுந்தீவுக் குதிரைகள் வேறு கதை. ஐரோப்பியர் காலத்தில் அங்கே வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள், இன்று கட்டாக்காலியாகத் திரிபவை. 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட வெளியில் மேய்பவை, பாதுகாக்கப்பட்டவை. குறிகாட்டுவானில் படகேறிப் போகிறவர்கள் அவற்றை நாடாவோடு நெருங்கக்கூடாது, தின்னக் கொடுத்துப் பழக்கவும் கூடாது. அங்கே கண்ணால் மட்டுமே பார்க்கவேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. 1983 இல் வெளியான ஹெனெகே அளவுகோல், குதிரையின் கழுத்து, முதுகின் மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களைப் பார்த்து 1 முதல் 9 வரை புள்ளி கொடுக்கும். 5 என்றால் நல்ல உடம்பு. விலா கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினால் தெரியும். தூரத்தில் நிற்கும் உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: விலா ஒவ்வொன்றாக எண்ணக்கூடியதாகவும், இடுப்பெலும்பு கூராகவும், வாலடியின் இரு பக்கமும் குழி விழுந்தும் இருந்தால் அது 1 அல்லது 2.

கோடை உச்சத்தில், கேணிகள் வற்றும் மாதங்களில், அப்படி ஒரு குதிரையையோ எழும்ப முடியாமல் கிடப்பதையோ கண்டால் இடத்தைக் குறித்து, தூரத்திலிருந்தே பக்கவாட்டாக ஒரு படம் எடுத்து, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலர்களிடமோ நெடுந்தீவுப் பிரதேச செயலகத்திலோ அன்றே காட்டுங்கள். படத்தில் குதிரையின் முழு உடம்பும் தெரியட்டும், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் விலாவும் இடுப்பும் நிழலில் மறையாமல் பார்ப்பவருக்குத் தெரியும்.